கட்டிய இடக்கை

பதினோராம் வகுப்புக்கு விலங்கியல் எடுப்பவள் நான். நரம்பு மண்டலம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. இரண்டு நரம்பு செல்கள் சந்திக்கும் இடத்தைப் பலகையில் வரைந்து, "இங்கன அடிக்கடி சேதி போனா செல் சில புரதங்களைச் சுரக்கும். அந்தப் புரதம் போய்ச் சொன்னாத்தான் புதுக் கிளை விடும், இணைப்பு இறுகும். சேதியே போகலைன்னா இணைப்பு உதிர்ந்துரும்" என்று வருடா வருடம் கத்தியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான்தான், பக்கவாதம் வந்த கணவருக்கு இரண்டு மாதம் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன்.

அவர் மண்டபம் மீன்பிடித் துறையில் விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். வலது கை விழுந்துவிட்டது. தோளிலும் விரல்களிலும் மட்டும் கொஞ்சம் அசைவு மிச்சம். இடது கையால் சாப்பிடலாம்தான். ஆனால் பார்க்க வருகிறவர்கள் முன்னால் பீச்சாங்கையால் சோறு அள்ளுவதா என்று அவருக்கு ரோஷம். எனக்கும்தான். அதனால் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்திலும் ஊட்டினேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பிசியோதெரபிக்கு வீட்டுக்கு வரும் பெண் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டாள். அகதி முகாமில் பிறந்து வளர்ந்தவள். மரியாதை குறையாமல் கோபப்படத் தெரிந்தவள்.

"டீச்சர், அந்தக் கைக்கு நீங்க வேலையே குடுக்கலையே. பிறகு மூளை எதுக்கு அதை நினைக்கும்? சாப்பிடுற நேரம் நல்ல கையைத் துணியால கட்டிருங்க."

சுருக்கென்றது. வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். எங்கள் வீட்டில் வாத்தியாரே மக்கு.

மறுநாள் காலை இடது கையைத் துண்டால் சுற்றிக் கட்டினேன். இட்லியைத் தொடுவதற்குள் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. கோபத்தில் கட்டிய கையாலேயே தட்டைத் தள்ளிவிட்டார். என் சேலையெல்லாம் சாம்பார். உதவிக்கு வந்து தங்கியிருந்த நாத்தனார், "அடிப்பாவி, என் தம்பிய மாட்டைக் கட்டுற மாதிரி கட்டிப் போட்டிருக்கியே!" என்று அழுதார். நானும் அழுதேன். ஆனால் ஊட்டவில்லை. ஊட்டினால் அந்தக் கை திரும்பவே திரும்பாது என்று பயமாக இருந்தது.

ஒரு வாரம் இட்லியெல்லாம் தரைக்குத்தான். பிறகு ஒரு துண்டு உதடு வரை போய் விழுந்தது. அவர் மண்டைக்குள் எங்கோ ஒரு செல் அந்தப் புரதத்தை ஒரு சொட்டாவது சுரந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இத்தனை வருடம் நடத்திய பாடத்தை அன்றைக்குத்தான் நம்பினேன்.

நேற்று எனக்குத் தேர்வுப் பணி. உச்சிப்புளி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "இன்னைக்கு ஒருநாள் நீங்களே ஊட்டி விட்ருங்க மதினி" என்று செருப்பை மாட்டினேன். நாத்தனார் ஆசையாக இட்லியைப் பிட்டு அவர் வாயருகே கொண்டுபோனார்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இடது கையை என் பக்கம் நீட்டினார்.

"கட்டிட்டுப் போ."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தேன். பஸ் போனால் போகட்டும்.