வீட்டுக்காரரின் இன்னொரு பெயர்

ஆஸ்திரேலியாவின் லிட்கமில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்பாதியில் வீட்டுக்காரர் தனியாக வசித்தார். பின்லாந்துக்காரர், எழுபதை நெருங்கியவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளின் நடுப்பகுதி அது. நானும் மனைவியும் கொழும்பிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

மனிதர் கேள்விகள் கேட்பார். நான் உடுப்புக் காயப்போடும்போது பக்கத்தில் வந்து நின்று, "உங்கள் நாட்டில் அரசாங்கக் கந்தோர்களில் எந்த மொழியில் எழுதுகிறார்கள்?" என்பார். இன்னொரு நாள், நீதிமன்றத்தில் எங்கள் மொழியில் பேசலாமா என்பார். நான் மழையைப் பற்றிச் சொல்லி உள்ளே போய்விடுவேன்.

"ஆரிட்டயோ சொல்லத்தான் கேக்கிறார்," என்றாள் மனைவி. "நீங்கள் வாய் திறக்காதேங்கோ."

எனக்கும் அந்தப் பயம் இருந்தது. இங்கே நாங்கள் பேசுவது ஊருக்குப் போய்ச் சேர்கிறது, பிறகு கடவுச்சீட்டுப் புதுப்பிப்பது சிக்கலாகும் என்று எங்கள் ஆட்களுக்குள் ஒரு கதை உலவியது. உண்மையா பொய்யா என்று ஒருவருக்கும் தெரியாது.

ஒரு சனிக்கிழமை காலை, தொப்பி அணிந்த முதியவர் ஒருவர் எங்கள் பக்கக் கதவைத் தட்டினார். மெல்பேர்னிலிருந்து வருகிறாராம். ஒரு குடும்பப்பெயரைச் சொல்லி அவரைப் பார்க்க வேண்டும் என்றார். அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்றேன். அவர் நகரவில்லை. வீட்டுக்காரரின் உயரம், இடது கன்னத்துத் தழும்பு எல்லாம் சரியாகச் சொன்னார். மனைவி பின்னாலிருந்து என் சேர்ட்டை இழுத்தாள். பெயர் மாற்றி ஒளிந்திருப்பவரின் வீட்டிலா இருக்கிறோம்?

சத்தம் கேட்டு வீட்டுக்காரரே வந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள்.

"இன்னும் அந்தப் பெயரையா சொல்கிறாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார் வீட்டுக்காரர்.

"உன் பெயர் அதுதானே," என்றார் வந்தவர்.

வந்தவர் அவருடைய பெரியப்பா மகன். எங்களையும் தேநீருக்குக் கூப்பிட்டார்கள். மனைவி வரவில்லை.

அங்கேதான் கதை தெரிந்தது. ரஷ்யச் சக்கரவர்த்தி பின்லாந்தை ஆண்ட காலம். படித்தவர்களின் மொழி சுவீடிஷ், பின்னிஷ் குடியானவர்களின் மொழி. கந்தோர்களில் இனி ரஷ்ய மொழி என்று சக்கரவர்த்தி உத்தரவு போட்டபோது, இவருடைய அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்தே எதிர்த்தார்கள். ஆனால் பல குடும்பங்கள் சுவீடிஷ் பெயரை விட்டுப் பின்னிஷ் பெயர் வைத்தபோது அப்பாவும் மாற்றினார். பெரியப்பா மறுத்தார். அதோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது.

பிள்ளைகளும் விடவில்லை. அன்று ஒருவர் சுவீடிஷ் பேச மாட்டார், மற்றவர் பின்னிஷ் பேச மாட்டார். இருவரும் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்திலேயே கதைத்தார்கள்.

"அப்பா பள்ளி ஆசிரியர். அவருடைய வகுப்பில் கடைசி வாங்கில் ஒருவன் வந்து உட்காருவானாம்," என்றார் வீட்டுக்காரர் என்னிடம். "பாடத்தைக் கேட்டு ரஷ்யர்களிடம் போய்ச் சொல்பவன். அவன் வந்தால் அப்பா மழையைப் பற்றிப் பேசுவாராம். உங்களைப் போல."

எனக்கு முகம் சுட்டது. பிறகு சொன்னேன். சிங்களச் சோதனை எழுதினால்தான் கந்தோரில் பதவி உயர்வு என்றார்கள். நான் எழுதாமல் வேலையை விட்டேன். தம்பி எழுதினான், இன்னும் அங்கே கந்தோரில்தான் இருக்கிறான். அவனும் நானும் அதைப் பற்றி இன்றுவரை பேசியதில்லை.

வந்தவர் எனக்கு இன்னொரு கோப்பை தேநீர் ஊற்றினார்.

திரும்பி வந்தபோது மனைவி குசினி வாசலில் நின்றாள்.

"எல்லாத்தையும் சொல்லிப்போட்டியளோ?"

"ஓம். நல்ல மனிசன்."

"நல்ல மனிசனாய் இருக்கட்டும்," என்றாள். "தம்பியின்ர பேரையும் சொன்னனீங்களோ?"

சொல்லவில்லை என்றேன். அப்போதுதான் உள்ளே போக வழிவிட்டாள்.