கொல்கத்தா வரை ஒரு டிக்கெட்

லடாக்கின் லேயில் மூன்றாவது நாளும் விமானம் இறங்கவில்லை. மேகம் விலகாததால் டெல்லியிலிருந்து போனது பாதி வழியிலேயே திரும்பிவிட்டது. டெல்லி கரோல் பாக்கில் நான் டிக்கெட்டிங் வேலை பார்த்த டிராவல் ஏஜென்சியில், மலர்விழி கைக்குழந்தையோடு என் எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

அவள் போர்ட் பிளேரில் நர்ஸ். கணவன் முருகேசன் லேயில் சாலைப் பணியில் இன்ஜினியர். இருவருக்கும் ஊர் கோவில்பட்டி. குழந்தையை முருகேசன் இன்னும் நேரில் பார்த்ததில்லை.

சில வாரங்களுக்கு முன் அவன் போனில் கேட்டிருந்தான்: "மேடம், லேயிலருந்து போர்ட் பிளேருக்கு எவ்வளவு தூரம்?"

நேர்கோட்டில் மூவாயிரம் கிலோமீட்டருக்குள்தான். நேராகப் பறந்தால் நாலு மணி நேரம். ஆனால் அப்படி விமானம் கிடையாது. லேயில் மதியத்துக்கு மேல் காற்று பலமாக வீசும் என்பதால் காலையில்தான் சர்வீஸ். அதில் வந்தால் அன்றைக்கே போர்ட் பிளேருக்குக் கனெக்‌ஷன் கிடைக்காது. நடுவில் ஓர் இரவு தங்க வேண்டும். போக வரவே லீவு கரைந்துவிடும்.

"அப்ப டெல்லியிலயே பாத்துக்கிடுதோம் மேடம்," என்றான். இருவருக்கும் நான்தான் டிக்கெட் போட்டேன்.

மலர்விழி கிட்வாய் நகரில் என் வீட்டில் தங்கினாள். தினமும் காலையில் குழந்தைக்குப் புதுச் சட்டை போடுவாள். விமானம் ரத்து என்றதும் கழற்றி மடித்துவைப்பாள். மறுநாள் அதையே போடுவாள்.

நான்காம் நாள் லேயில் வானம் தெளிந்தது. ஆனால் அன்று மதியம் மலர்விழி கொல்கத்தாவுக்குக் கிளம்ப வேண்டும். அங்கே தோழி வீட்டில் தங்கிவிட்டு, மறுநாள் போர்ட் பிளேர். முருகேசனும் மறுநாள் டியூட்டியில் சேர வேண்டும்.

லேயிலிருந்து போன் வந்தது. "ஃப்ளைட் வந்துட்டு மேடம். ஆனா லேட்டு. அவளப் பாக்க முடியுமா?"

ஸ்கிரீனைப் பார்த்தேன். இவன் டெல்லியில் இறங்கும்போது அவள் போர்டிங் கேட்டில் நிற்பாள்; அங்கே டிக்கெட் இல்லாமல் இவனை விடமாட்டார்கள்.

"தம்பி, அவ போற ஃப்ளைட்லயே உனக்கும் கொல்கத்தா வரைக்கும் ஒரு சீட் போடறேன். சாயங்காலம் அங்கேந்து டெல்லி. நாளைக்குக் காலம்பர லே. சரியா?"

"போடுங்கக்கா."

எங்கள் முதலாளி பஞ்சாபி. கொல்கத்தா ஏர்போர்ட்டைத் தொட்டுவிட்டுத் திரும்புகிற ஆள் யார் என்று இந்தியில் கேட்டார். சொன்னேன். "ஜல்தி கரோ, மேடம்," என்று அவசரப்படுத்தியவர், தானே ஏர்லைனுக்குப் போன் செய்து பக்கத்துப் பக்கத்து சீட் வாங்கினார்.

மறுநாள் முருகேசன் லேயிலிருந்து பேசினான்.

"குழந்தை உன்கிட்ட வந்தாளா?"

"மொதல்ல அழுதாக்கா. பொறவு என் விரலப் புடிச்சிக்கிட்டே தூங்கிட்டா. கொல்கத்தாவுல எறங்க எடம் இல்லன்னு ஃப்ளைட்டு மேலயே சுத்திக்கிட்டு இருந்துச்சு. எல்லாரும் சத்தம் போட்டாங்க. நாங்க ரெண்டு பேரும் வாயே தொறக்கல."

பயண நேரம் குறைவான டிக்கெட்தான் நல்ல டிக்கெட் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதன்பிறகு ரிடையர் ஆகும்வரை, யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்காமல் நான் யாருக்கும் டிக்கெட் போட்டதில்லை.