தம்பி போலீஸ், நான் தமிழன்

இன்று ஆரியங்கோடு ரப்பர் தோட்டத்தில் மலையாளப் பட ஷூட்டிங். குமரி தமிழ்நாட்டோடு சேர நடந்த எல்லைப் போராட்டக் காலத்துக் கதை. தடியடிக் காட்சிக்கு ஆள் வேண்டும் என்றார்கள். நானும் தம்பி ஜெபினும் போனோம்.

உதவி இயக்குநர் முகம் பார்த்துப் பிரித்தார். கறுத்தவர்கள் போராடும் தமிழர்கள். வெளுத்தவர்கள் மலையாளப் போலீஸ்.

நான் தமிழன். ஜெபின் போலீஸ். எங்களுக்கு ஒரே அம்மா, ஒரே ரேஷன் கார்டு.

என் பக்கத்தில் நின்ற சசி அண்ணன் மலையாளி. "எனிக்கு தமிழ் அறிஞ்ஞூடா சாரே" என்று தமிழ் தெரியாததைச் சொன்னார். பேச வேண்டாம், நிறம் போதும் என்று பதில் வந்தது.

என் நிறம் மட்டும் போதவில்லை. மேக்கப்காரர் இன்னும் கொஞ்சம் கரி அப்பினார்.

"எலே, நாம ஒரு வீட்டு ஆளாக்கும்னு நீயாவது சொல்லுலே" என்றேன்.

"சும்மா இரு அண்ணே. சொன்னா ரெண்டு பேரையும் வெளிய விட்டுருவானுவ. மத்தியானம் சோறு உண்டு" என்றான் ஜெபின்.

அவன் சொன்னதும் சரிதான். தமிழர் வரிசையில் போய் நின்றேன்.

முதல் டேக்கில் மெதுவாகத்தான் அடித்தான். "இன்னும் வெறி வேணும்" என்று மைக்கில் கத்தினார்கள்.

அடுத்த டேக்கில் வெறி வந்துவிட்டது.

முதுகில் எண்ணெய் தடவிக்கொண்டு இதை எழுதுகிறேன். தடவிவிடுவதும் அதே போலீஸ்தான்.

நீங்கள் எந்த வரிசை? கண்ணாடி பார்த்துவிட்டுக் கமெண்டில் சொல்லுங்கள்.