வெள்ளைக்காலி குட்டி போட்ட நாள்

முப்பிடாதிக்கு இருபத்தேழு வெள்ளாடுகள். கோவில்பட்டிக்குக் கிழக்கே, பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் வரும் கரிசல் கிராமத்துக்காரி. கணவர் செண்பகராஜ் திருப்பூரில் சாயப்பட்டறை வேலைக்குப் போய் ஆறு வருஷமாகிறது; பொங்கலுக்கும் அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்கும் வருவார். மற்ற நாளெல்லாம் அவளும் ஆடுகளும்தான். நாற்பத்தெட்டு வயது வரை அவள் போலீஸ் ஸ்டேஷனுக்குள் கால் வைத்ததில்லை. போன வருஷம் மாசியில் வைக்க வேண்டி வந்தது.

ஊருக்குத் தெற்கே ஒரு சோலார் கம்பெனி வந்து வேலி போட்டிருந்தது. கண்மாய்க்குப் போகும் பாதை வேலிக்குள் போய்விட்டது. அதைக் கேட்டு அவள் வாட்ச்மேன் பாண்டியராஜனோடு இரண்டு தடவை சண்டை போட்டிருந்தாள். ஒரு வியாழக்கிழமை வேலிக்குள்ளிருந்த செம்புக் கேபிள் காணாமல் போனது. காலை பதினோரு மணிக்கு முப்பிடாதி கேபிள் சுருளோடு வேலியோரம் போனதைப் பார்த்ததாக வாட்ச்மேன் எழுதிக் கொடுத்தார். சனிக்கிழமை போலீஸ் வந்தது.

அன்று சாயங்காலமே ஜாமீனில் விட்டுவிட்டார்கள். ஆனால் ஊர் பழையபடி இல்லை. அறுப்பு முடிந்த புஞ்சையில் ஆடு மேய்க்க வழக்கமாகக் கூப்பிடுகிறவர்கள் கூப்பிடவில்லை. முகத்துக்கு நேரே யாரும் ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். அன்றிலிருந்து ராத்திரித் தூக்கமும் போயிற்று.

ஆவணியில் சம்மன் வந்தது. கோவில்பட்டி கோர்ட்டில் பேர் கூப்பிட்டதும் போய் நின்றாள்.

"வக்கீல் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார் மாஜிஸ்திரேட்.

"இல்லைங்கய்யா. வக்கீல் வைக்கணும்னா ஆட்டத்தான் விக்கணும்."

"விக்க வேண்டாம். பெண்களுக்கு வருமானம் பாக்காம இலவசமா வக்கீல் உண்டு. இங்கயே சட்ட உதவி ஆபீஸ் இருக்கு. போய் மனு எழுதிக் குடுங்க."

கொடுத்தாள். சும்மா வருகிற வக்கீல் எந்த மட்டுக்குப் பேசுவார் என்ற சந்தேகம் மட்டும் போகவில்லை. வந்தவர் வனிதா. இலவச வழக்குகளுக்குத் தானாகவே பேர் கொடுத்திருந்தவர். கேஸ் கட்டை முழுக்கப் படித்துவிட்டு வந்திருந்தார். கோர்ட் வாசல் வேப்பமரத்தடியில் அவளை உட்காரச் சொல்லி, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்த வியாழக்கிழமை பதினோரு மணிக்கு எங்க இருந்தீங்க அக்கா?"

"தேதி, கிழமையெல்லாம் தெரியாதும்மா. ஆட்டுக்குப் பின்னால போறவளுக்கு எல்லா நாளும் ஒண்ணுதான்."

"போலீஸ் வந்த நாள் ஞாபகம் இருக்கா?"

"அது மறக்குமா. வெள்ளைக்காலி ரெட்டைக்குட்டி போட்டு மூணாம் நாளு. குட்டிய மடியில வச்சிருந்தேன், ஜீப் வந்து நின்னுச்சு."

வனிதா விரல் விட்டு எண்ணினார். சனி, வெள்ளி, வியாழன்.

"குட்டி எங்க வச்சு போட்டுச்சு?"

"அது ஒரு கூத்து. ரெண்டு மைலு தள்ளி பக்கத்து ஊர்ல ஆட்டுக்கு ஊசி போடுதாவன்னு எல்லாத்தையும் பத்திட்டுப் போனேன். சினை ஆட்ட விட்டுட்டுப் போக ஆளில்ல. வரிசையில நிக்கயிலயே வலி வந்துட்டு. ரெண்டாங்குட்டி கால் மாறிக் கிடந்தது. டாக்டர்தான் கைய விட்டு எடுத்தாரு."

"எத்தனை மணி இருக்கும்?"

"வெயில் உச்சிக்கு ஏறுத நேரம்."

வனிதா எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "இதை ஏன்க்கா போலீஸ்ல சொல்லலை?"

"கேபிள் எடுத்தியான்னு கேட்டாவ. இல்லைன்னேன். ஆடு குட்டி போட்டத யாரும் கேக்கலையேம்மா."

அந்தக் கால்நடை மருத்துவர் மணிராஜ் அதற்குள் நாகலாபுரம் பக்கம் மாற்றலாகிப் போயிருந்தார். வனிதா அவரைத் தேடிப் போனார். பிறகு அந்தத் தடுப்பூசி முகாமின் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். அதில் அந்த வியாழக்கிழமைத் தேதியில், முப்பிடாதியின் கைநாட்டுக்குப் பக்கத்தில் டாக்டரின் எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது: சினை ஆடு ஒன்று முகாமிலேயே ஈன்றது, நேரம் 10.50.

அதற்குப் பிறகும் வாய்தா மேல் வாய்தா. ஒவ்வொரு தடவையும் ஆடுகளைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறினாள். ஒவ்வொரு தடவையும் வனிதா அங்கே இருந்தார்.

விசாரணையில் வனிதா வாட்ச்மேன் பாண்டியராஜனிடம் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். முகத்தைப் பார்த்தீர்களா? கடைசியில் அவர் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"யார் ஆடோ நின்னுச்சு மேடம். ஆள் தூரத்துல. அவியளாத்தான் இருக்கும்னு சொல்லிட்டேன்."

அடுத்த வாய்தாவில் மணிராஜ் வந்து நடந்ததைச் சொன்னார். பதிவேடும் வந்தது.

இந்த ஆடியில் தீர்ப்பு. மாஜிஸ்திரேட் வாசித்தது அவளுக்குப் பிடிபடவில்லை. வனிதாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே வந்ததும் வனிதா, "கேஸ் முடிஞ்சுட்டு அக்கா. உங்க மேல குத்தம் இல்ல. இனி வர வேண்டாம்" என்றார்.

"அடுத்த மாசமும் வர வேண்டாமா?"

"எந்த மாசமும் வர வேண்டாம்."

முப்பிடாதி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "சாப்பிட்டியளாம்மா?" என்று கேட்டாள்.

ஊர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உழுது போட்ட கரிசல் இரண்டு பக்கமும் ஓடியது. கண்டக்டர் வந்து தோளைத் தட்டினார். "அக்கா, ஒங்க ஊரு தாண்டி மூணு ஸ்டாப் ஆச்சு."

இறங்கி, வந்த வழியே திரும்பி நடந்தாள். நடந்துகொண்டே செண்பகராஜுக்கு போன் போட்டாள்.

"பஸ்ல தூங்கிட்டேன். ஊரைத் தாண்டிப் போயிட்டேன்."

"அது கெடக்கட்டும். கேஸ் என்னாச்சு?"

"அதத்தான சொல்லுதேன்," என்றாள், சிரிப்பை அடக்க முடியாமல். "தூங்கிட்டேன்."