தண்ணீர் ஊற்றாத ஞாயிறு

என் ஞானஸ்நானத்துக்கென்று வாங்கிய புடவை வெள்ளைப் பருத்தி. நகரி ஊர்த் தறியில் நெய்தது. மெல்லிய நீலக் கரை. கஞ்சி வாசம் போகாத அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு, சித்தூரில் மிஷன் காலத்து ஆலயம் ஒன்றின் பக்கத்து அறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நின்றிருந்தேன். முதல் மணி அடித்தாயிற்று. வெளியே பெஞ்சுகளில் ஆட்கள் வந்து உட்காரும் ஓசை கேட்டது. நான் உதடு அசையாமல், சபையார் முன் சொல்ல வேண்டிய விசுவாசப் பிரமாணத்தை ஒருமுறை உள்ளுக்குள் ஓட்டிப் பார்த்தேன். தெலுங்கு மீடியத்தில் படித்தவள் நான். தமிழ் வீட்டில் பேசுவதோடு சரி. அதனால் பிரமாணம் முழுவதையும் தெலுங்கு எழுத்தில் எழுதி வைத்து மனப்பாடம் செய்திருந்தேன். ஒரு சொல் பிசகாது. போதகரே பாராட்டியிருந்தார். அப்போதுதான் எனக்கு மாமியாராகப் போகிறவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

என் ஊர் ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையோரம் உள்ள பிச்சாட்டூர். அணைத் தண்ணீர் பாய்கிற நிலமும் மாடுகளும் உள்ள விவசாயக் குடும்பம். திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கேயே எக்ஸ்ரே பிரிவில் இருந்தவரைக் கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவெடுத்திருந்தேன். அவர்கள் குடும்பம் தலைமுறைகளாகச் சித்தூர் சபையைச் சேர்ந்தது. ஆலயத்தில் கல்யாணம் நடக்க வேண்டுமானால் பெண் ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும் என்றார்கள். எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. தலையில் கொஞ்சம் தண்ணீர், சில வாசகங்கள், அவ்வளவுதானே. என் நைனாவுக்குத்தான், அதாவது அப்பாவுக்குத்தான், அது உயிர்போகிற விஷயம். “யார வேணா கட்டிக்க. சாமிய வுட்டுட்டுப் போவாத” என்று சொல்லி, அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார். பெண்ணை மயக்கி மதம் மாற்றுகிறார்கள் என்று உறவுக்காரர்கள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். போலீசுக்குப் போகலாம் என்றுகூட ஒரு பேச்சு இருந்தது.

அத்தை, அதாவது என் மாமியார், மிஷன் பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வுபெற்றவர். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு. இந்தச் சம்பந்தம் அவருக்குப் பிடிக்கவில்லை. அதை மறைக்கவும் இல்லை. முதல் சந்திப்பிலேயே, “என் புள்ள சபைக்குள்ள கட்டிக்கினு இருந்தா எனுக்கு சந்தோஷமா இருந்திருக்கும். கேட்டதால சொல்றேன்” என்றார். இந்தக் கல்யாணத்தில் உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டது நான்தான்.

அந்த அறையில் அவர் என் புடவையை மேலும் கீழும் பார்த்தார். தலையில் முக்காடு சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் வந்தார் என்று நினைத்தேன்.

“பிரமாணம் தெரியுமா?”

“தெரியும் அத்தை. சொல்லட்டுமா?”

“சொல்ல வேணாம். அத நீ நம்புறியா?”

எனக்குப் புரியவில்லை. போதகர்கூட என்னை அப்படிக் கேட்டதில்லை. என்ன பதில் சொன்னால் அவருக்குப் பிடிக்கும் என்று முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் தெரியவில்லை. “இத சொன்னா ஆலயத்துல கல்யாணம் ஆவும்னு சொன்னாங்க அத்தை” என்றேன். வாயில் வந்த உண்மை அதுதான்.

அவர் தலையை அசைத்துவிட்டு வெளியே போனார். கதவு முழுதாக மூடவில்லை. அடுத்துப் போதகரிடம் அவர் பேசியது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“ஐயா, அந்தப் பொண்ணுக்கு இன்னிக்கு வேணாம்.”

“இன்னாம்மா இது, எல்லாரும் வந்துட்டாங்க.”

“அவ நம்பல. நம்புறேன்னு ஆண்டவர் முன்னாடி நின்னுக்கினு சொல்லப் போறா. அது பொய். சொல்ல வெக்கிறது நாமதான்.”

“போவப் போவ விசுவாசம் வரும்மா. எத்தினியோ பேருக்கு வந்திருக்குது.”

“வரட்டும். வந்தப்புறம் தண்ணி ஊத்துங்க.”

அன்று எனக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. ஆராதனை முடியும்வரை அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டும் ஜெபமும் கேட்டுக்கொண்டே இருந்தன. அவமானத்தில் காது சுட்டது. கல்யாணத்தை நிறுத்த அவருக்குக் கிடைத்த வழி இது என்றுதான் எண்ணினேன். அவருடைய மகனும் அப்படியே நினைத்தார். வீட்டு வாசலிலேயே அம்மாவிடம் சத்தம் போட்டார். அத்தை செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, “கல்யாணம் நிக்காது. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பண்ணிக்கோங்க. நானே வந்து சாட்சிக் கையெழுத்து போடறேன்” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “நாளைக்கு ரெடியா இரு. உங்க நைனாவப் பாக்கணும்” என்றார்.

புத்தூர் வரை ஒரு பஸ், அங்கிருந்து பிச்சாட்டூருக்கு இன்னொன்று. எனக்கு உட்காரவே முடியவில்லை; கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். வீட்டில் நைனா எங்களை உட்காரச் சொல்லவில்லை. அம்மா மட்டும் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

அத்தை நின்றபடியே சொன்னார்: “சம்பந்தி, உங்க பொண்ணுக்கு நாங்க ஞானஸ்நானம் குடுக்கல. கல்யாணத்துக்காகக் குடுக்கவும் மாட்டோம். அவ எப்பிடி வந்தாளோ அப்பிடியே எங்க வூட்ல இருக்கலாம்.”

நைனா நம்பாமல் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

“இன்னொண்ணும் சொல்லிடறேன்” என்றார் அத்தை. “அவ விசுவாசிக்கணும்னு நான் தெனமும் ஜெபம் பண்ணுவேன். அத உங்களுக்கு மறைக்க மாட்டேன். என்னிக்காவது அவளா வந்து நம்புறேன்னு சொன்னா நான் தடுக்க மாட்டேன். நீங்களும் தடுக்கக் கூடாது.”

நைனா ரொம்ப நேரம் மாட்டுக் கொட்டகைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், “அவ வாயால சொன்னா கேட்டுக்கறேன். வேற யாரு வந்து சொன்னாலும் கேக்க மாட்டேன்” என்றார். அதன்பிறகுதான் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

பதிவு அலுவலகத்தில் எங்கள் கல்யாணம் நடந்த அன்று நைனா வந்து ஓரமாக நின்றார். போலீஸ் பேச்சு அதோடு அடங்கியது. ஆனால் சித்தூர் சபையில் அத்தைக்கு நிம்மதி போயிற்று. சபைக்கு வெளியே கல்யாணம் செய்ததற்காக என் கணவருக்கு, ஆராதனையில் அப்பமும் திராட்சரசமும் தரும் நற்கருணை நிறுத்தப்பட்டது. பெண்கள் ஐக்கியத்தில் அத்தை வகித்த பொறுப்பை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். “வந்த ஆத்துமாவ வாசல்ல இருந்தே திருப்பி அனுப்பிச்சுட்டாங்க” என்று அவர் காதில் விழும்படி பேசினார்கள். அவரோ ஞாயிறு தவறாமல் அதே பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

வீட்டுக்குள்ளும் எல்லாம் இனிமையாக இருந்ததாகச் சொல்ல மாட்டேன். சமையலறை அலமாரியில் ஒரு சாமி படம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். “என் வூட்ல வெக்க மாட்டேன். அது என் விசுவாசம். நீ கோயிலுக்குப் போவணும்னா போ, நான் கேக்க மாட்டேன்” என்றார். வருஷம் ஒருமுறை அம்மாவோடு திருமலைக்குப் போய்வந்தேன். கொண்டுவந்த லட்டை நீட்டினால், “நான் துன்ன மாட்டேன். நீ துன்னு” என்பார். குரலில் கோபம் இருக்காது. அதுதான் என்னை அரித்தது. கோபப்பட்டால் பதிலுக்குக் கோபப்படலாம். வாசல் இரண்டு பக்கமும் திறந்து கிடந்தது. எந்தப் பக்கம் போவதென்று எவரும் சொல்லவில்லை. மாலை ஜெபத்தில் உட்கார்ந்தாலும் இருப்புக் கொள்ளாது, எழுந்து போனாலும் இருப்புக் கொள்ளாது.

அத்தைக்குக் கண்ணில் புரை விழுந்த சமயம் வேதம் வாசித்துக் காட்டும் வேலை எனக்கு வந்தது. தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். உச்சரிப்பைத் திருத்துவாரே தவிர ஒரு வரிக்கும் விளக்கம் சொல்ல மாட்டார். ஆபரேஷன் ஆகிக் கண் தெளிந்த பிறகும் நான் வாசிப்பதை நிறுத்தவில்லை. எல்லாவற்றையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்து கடவுளிடமே நியாயம் கேட்ட மனிதனின் கதையில் நான் மாட்டிக்கொண்டேன். அவனுடைய நண்பர்கள் கடவுளுக்குப் பரிந்து எவ்வளவோ பேசுகிறார்கள். கடைசியில் கடவுள் அந்த நண்பர்களைத்தான் கடிந்துகொள்கிறார், முறையிட்டவனை அல்ல. தன் தரப்பில் சொல்லப்பட்ட பொய்யைக்கூட வேண்டாம் என்கிற கடவுள். அதை வாசித்த மத்தியானம், கதவு முழுதாக மூடாத அந்தப் பக்கத்து அறை எனக்கு வேறு விதமாகத் தெரிந்தது.

அதன்பிறகும் வருஷங்கள் ஆயின. நம்பிக்கை எந்த நாளில் வந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. லேபில் சோதனைக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது, நான் ஜெபித்துக்கொண்டிருக்கிறேன் என்பதை நானே கண்டுபிடித்தேன். அத்தையிடம் போய்ச் சொன்னேன். ஆனந்தக் கண்ணீரை எதிர்பார்த்தேனோ என்னவோ. அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். எங்களுக்கு அதுவரை பிள்ளை இல்லை.

“புள்ள வேணும்னு வர்றியா?”

“இல்ல அத்தை. பொறக்கலன்னாலும் இதான்.”

“உங்க நைனாகிட்ட சொன்னியா?”

“இல்ல.”

“மொதல்ல அங்க போய் சொல்லு.”

நைனா கழனியில் மடை திருப்பிக்கொண்டிருந்தார். சொன்னேன். மண்வெட்டியை வரப்பில் ஊன்றிவிட்டு, “யாராவது சொல்லச் சொன்னாங்களா?” என்றார். இல்லை என்றேன். அவர் மறுபடி தண்ணீருக்குள் இறங்கினார். அதற்குப் பிறகு பல மாதம் அவர் எனக்குப் போன் செய்யவில்லை. ஞானஸ்நானத்துக்கும் வரவில்லை. ஆனால் வாக்குப்படி ஒரு வார்த்தை தடுத்துப் பேசவும் இல்லை. பிறகு மகள் பிறந்தபோது வந்து பேத்தியைத் தூக்கிக்கொண்டார். ஞானஸ்நானத்துக்கும் குழந்தைக்கும் முடிச்சுப் போட்டுப் பேச வந்தவர்களை அத்தை வாசலோடு அனுப்பிவிட்டார். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்குமுன் அத்தை காலமானார்.

இப்போது என் கதை பல பேருக்குத் தேவைப்படுகிறது. திருப்பதியில் ஒரு ஜெபக் கூட்டத்தில், நான் விசுவாசத்துக்கு வந்த கதையைச் சாட்சியாகச் சொல்லக் கூப்பிட்டவர்கள், பெற்ற அப்பா என்னை அடித்துத் துரத்தியதாகச் சொன்னால் கேட்பவர்கள் மனம் உருகும் என்றார்கள். ஊரிலிருந்து ஒரு உறவுக்காரத் தம்பி, என்னைக் கட்டாயப்படுத்தி மாற்றினார்கள் என்று வீடியோவில் சொன்னால் போதும் என்றான். என்னை யாரும் அடிக்கவில்லை, யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்று இரண்டு பேரிடமும் சொன்னேன். இருவருக்கும் அது ருசிக்கவில்லை.

அவர்களுக்குப் பதில் சொல்வது சுலபமாக இருந்தது. சொந்த மகளுக்குப் பதில் சொல்வதுதான் சிரமமாகிவிட்டது. பத்தாவது முடித்து, திருப்பதியில் விடுதியில் தங்கி இன்டர் படிக்கிறாள். குழந்தையாக இருக்கும்போது நாங்கள் கொடுத்த ஞானஸ்நானத்தை அவளே தன் வாயால் ஒப்புக்கொள்கிற திடப்படுத்தல் ஆராதனை இந்த வருஷம் அவளுக்கு. பெயர் கொடுத்தாயிற்று, உடை தைத்தாயிற்று. போன வாரம் வீட்டுக்கு வந்தவள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: “மா, எனுக்கு இன்னும் தெரியல மா. தெரியாம எப்பிடி சொல்றது?”

‘போவப் போவ வரும், இப்ப சொல்லிடு’ என்கிற வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அன்றைய போதகர் சொன்ன அதே வார்த்தை. என்னை எவரும் அவசரப்படுத்தாததால் கிடைத்தது என் விசுவாசம். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் என் பிள்ளை வெளியே போய்விடுவாளோ, திரும்பி வராமலே இருந்துவிடுவாளோ என்று பயந்தேன். அடுத்தவருடைய சுதந்திரத்துக்காகப் பேசுவது ஒன்று, பெற்ற பிள்ளை அதைக் கையில் எடுக்கும்போது பார்த்துக்கொண்டிருப்பது வேறு. சமையலறைக்கும் கூடத்துக்கும் அன்று எத்தனை முறை நடந்தேனோ.

மறுநாள் சனிக்கிழமை காலை இப்போதுள்ள போதகரைப் போய்ப் பார்த்தேன். பெயரை எடுத்துவிடச் சொன்னேன்.

“நீங்களே இப்பிடி சொன்னா எப்பிடிம்மா? பேசிப் பாருங்க” என்றார்.

“பேசிட்டேன் ஐயா. அவ யோசிச்சிக்கினு இருக்கா. பொய்யா சொல்ல வேணாம்.”

வீட்டுக்கு வந்து மகளிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் என் தோளைக் கட்டிப்பிடித்துவிட்டு உடனே தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். குழம்பை அள்ளி ஊற்றிச் சாப்பிட்டாள். பாரம் இறங்கிய பிள்ளையின் பசி. நாளைக்கு ஆராதனைக்கு வருவாளா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. என் தட்டில் சோறு அப்படியே இருந்தது. பிசைந்தேன், ஒரு வாய்கூட இறங்கவில்லை. எழுந்து பின்பக்கம் போய்க் கையைக் கழுவிக்கொண்டு சுவரோரமாக நின்றேன்.

என் கணவர் பின்னாலேயே வந்தார்.

“உனுக்குத் தண்ணி ஊத்தாம வந்தோமே, அந்த ஞாயித்துக்கெழம,” என்றார், “அம்மாவும் இப்பிடித்தான் துன்னாம எழுந்து வந்து இங்க நின்னுக்கினு அழுதாங்க. நான் கோவத்துல இருந்தேன், போய் கேக்கல.”

கல்லென்று நான் நினைத்திருந்த மனுஷி. உள்ளே மகள் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டுக் குரல் கொடுத்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்ப் போட்டேன்.