அவர் செட்டுக்குப் பொருந்தாத கேபிள்

பேய் ராத்திரியில்தான் வரும் என்பவர்கள் வேறு ஏதாவது படியுங்கள். எனக்கு நடந்தது பட்டப்பகலில், கல்குவாரி அலுவலகத்தில், வாக்கி டாக்கி மேசையில். சத்தியமாக நடந்தது.

நான் அங்கே ரேடியோ ஆபரேட்டர். என் வீட்டுக்காரர் கீழே பள்ளத்தில் சூப்பர்வைசர். தினமும் மதியம் ஒரு மணிக்கு அவர் வாக்கி டாக்கி செட்டிலிருந்து ஒரே கேள்வி வரும். "சாப்ட்டியா?" குவாரி முழுக்கக் கேட்கும். "நாங்க சாப்ட்டோம் மாமா!" என்று லாரி டிரைவர்கள் கிண்டலடிப்பார்கள். எனக்கு மானம் போகும்.

பள்ளத்தில் பாறைச் சரிவு விழுந்த அன்று அவர் செட்டைச் சார்ஜரிலேயே மறந்துவிட்டுப் போயிருந்தார். அன்றைக்கு மட்டும் அந்தக் கேள்வி வரவில்லை. அவரை இன்னும் தோண்டி எடுக்கவும் இல்லை.

பத்து நாள் கழித்து மேனேஜர் வந்தார். "அவரோட செட்டைப் புது ஆளுக்கு மாத்திக் குடுத்துடும்மா."

கம்ப்யூட்டரில் இணைத்துப் புது ஆளுக்கு எழுதினால், செட்டில் பதிந்த அவர் பெயர், அவர் சேனல், எல்லாம் அழிந்துவிடும். செட்டுகளுக்கு அப்படி எழுதுவதும் அவர் வேலையாகத்தான் இருந்தது. அவர் குரல் வந்த பொருள் அது ஒன்றுதான். ஆனாலும் தலையாட்டினேன்.

அவர் டிராயரிலிருந்து யுஎஸ்பி கேபிளை எடுத்துச் செருகினேன். கம்ப்யூட்டரில் மஞ்சள் முக்கோணம். கேபிளை இயக்கும் டிரைவர் மென்பொருள் பொருந்தவில்லை. 'இந்த மலிவு கேபிளுக்கெல்லாம் புது டிரைவர் ஆகாது, பழசுதான் வேணும்' என்பார் என் வீட்டுக்காரர். எந்தப் பழசு? ஒன்றை இறக்கினேன். மஞ்சள். நீக்கிவிட்டு வேறொன்று. மஞ்சள். இன்னொன்று... மஞ்சள்.

மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். "எதுன்னு சொல்லிட்டாவது போயிருக்கக் கூடாதா, பாவி மனுஷா..."

டிங்.

நிமிர்ந்தேன். முக்கோணம் இல்லை. நான் எதையும் தொடவில்லை.

செட்டில் விளக்கு மினுக்கியது. கம்ப்யூட்டர் தானாகச் செட்டில் பதிந்திருப்பதைப் படிக்கத் தொடங்கியது. எழுதும் முன் ஒருமுறை படித்து வைத்துக்கொள்வது அவர் பழக்கம்...

செட் அணைந்தது.

மறுபடி எரிந்தது.

ஆன் ஆகும்போது செட்டின் திரையில் குவாரியின் பெயர்தான் வரும். இப்போது வேறு. ஆங்கில எழுத்தில் தமிழ்...

சாப்ட்டியா.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி ஒன்று.

பத்து நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தச் செட்டின் பேசும் பட்டனை அழுத்தினேன்.

"இல்லீங்க..."

குவாரி முழுக்கக் கேட்டிருக்கும். யாரும் கிண்டலடிக்கவில்லை.

மறுநாள் ரேடியோ மெக்கானிக் வந்தான்; நடந்ததைச் சொன்னேன். அதே கேபிளைச் செருகினான். ஒன்றுமே வரவில்லை, மஞ்சள் முக்கோணம்கூட இல்லை. பிளக்கின் மூடியைக் கழற்றிக் காட்டினான். உள்ளே, கம்ப்யூட்டரோடு பேசும் சிப் இருக்க வேண்டிய இடம் காலி.

"இது எப்படிக்கா வேலை செஞ்சிருக்கும்? இதோட சிப்பைக் கழட்டி வேற கேபிள்ல வச்சுக் குடுத்ததே நான்தானே."

"அந்தக் கேபிள் எங்க?"

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"சரிவு விழுந்த அன்னைக்குக் காலைலதான் அண்ணன் வாங்கிச் சட்டைப் பையில போட்டாரு... அப்படியே நேரா பள்ளத்துக்கு எறங்கிட்டாருக்கா."