புள்ளியக்கா விலகுகிறார்

தம் பல்லைத் துலக்குவதற்கு முன்பே பிறருடைய புள்ளிகளை எண்ணத் தொடங்கிவிடுவார். விடிகாலை ஐந்தரை மணி. சமையலறை மேசையில் மடிக்கணினி, அதன் இடப்பக்கம் பாதி ஆறிய தேநீர், வலப்பக்கம் அட்டை கிழிந்த அகராதி. திரையில் தெரியும் ஒவ்வொரு சொல்லின் மேலும் பென்சிலின் மழுங்கிய முனை நகர்ந்துகொண்டிருக்கும். உதடுகள் ஓசையின்றி அசையும். ஒரு மெய்யெழுத்தின் தலையில் புள்ளி இல்லை என்றாலோ, இரு சொற்களுக்கு நடுவே வர வேண்டிய ஒற்று வரவில்லை என்றாலோ பென்சில் அங்கேயே நின்றுவிடும். நாக்கு ஒருமுறை ‘ச்சு’ என்னும். அதை எழுதி அனுப்பியவருக்கு அன்று காலையே கடிதம் போகும்: “அன்புடையீர், தங்கள் பங்களிப்புக்கு நன்றி. கீழ்க்கண்ட பிழையைத் திருத்தி மீண்டும் அனுப்பவும்.”

அவரைப் புள்ளியக்கா என்று அழைக்கத் தொடங்கியவர் யார் என்பது தெரியவில்லை. அவருக்கே தெரியும்படி அழைக்கத் தொடங்கி ஏழெட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. “பரவால்ல, ஒற்று விடாம கூப்பிடுறாங்க” என்பதே அதைப் பற்றி அவர் சொன்ன ஒரே கருத்து.

சம்பளம் தரும் வேலை வேறு. பல் மருத்துவர்கள் அனுப்பும் வாய் அச்சுகளில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல் அடுக்கி, பல்செட்டு செய்து கொடுக்கும் கூடம் ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகளாக இருக்கிறார். அந்த வாய்களுக்கு உரியவர்களை அவர் பார்த்ததே இல்லை. ஆனாலும் அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சொல்லிவிடுவார்: “இவர் இடப்பக்கமாவே மெல்றவர். இந்தம்மாவுக்குக் கோவத்த வெளிய சொல்லத் தெரியாது, பல்லைக் கடிச்சுக் கடிச்சே தேய்ச்சிருக்காங்க.” முடிந்த பல்செட்டைப் பெட்டியில் வைக்கும் முன் சுண்டுவிரல் நகத்தால் ஒவ்வொரு பல்லையும் சுற்றி வருவார். நகம் எங்கேனும் தடுக்கினால் மீண்டும் தேய்ப்புச் சக்கரத்துக்கு.

எத்தனை முறை கழுவினாலும் பிளாஸ்டர் தூள் அவர் விரல் ரேகைகளை விட்டு முழுதாகப் போவதில்லை. வீட்டின் மின்விசிறிப் பொத்தான், குளிர்பெட்டியின் கைப்பிடி, கணினியின் விசைகள் என எல்லாவற்றிலும் வெள்ளைத் தடம் இருக்கும். அவர் கணவர் ஒரு தங்கும் விடுதியின் சலவைப் பிரிவில் மேற்பார்வையாளர். கறையோடு பகை கொண்டே பிழைப்பவர். “நீ மட்டும் திருடப் போயிடாத. போற இடமெல்லாம் கையெழுத்துப் போட்டுட்டு வருவ” என்று ஈரத்துணியோடு பின்னால் வருவார்.

விடியற்காலை வேலைக்குச் சம்பளம் கிடையாது. குடும்ப வரலாற்றைப் பதிந்துவைக்கும் இலவச மென்பொருள் ஒன்று இருக்கிறது. யார் யாருக்குப் பிறந்தார், எந்த ஆண்டு, யாரை மணந்தார் என்று நிரப்பிக்கொண்டே போனால் அது வம்சமரம் வரைந்து காட்டும். அதை எழுதியவர்கள், திருத்துபவர்கள், மொழிபெயர்ப்பவர்கள் எல்லாருமே பல நாடுகளில் சிதறிக் கிடக்கும் தன்னார்வலர்கள். யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். பொறுப்பாளர் ஒப்புதல் தந்தால் அது உள்ளே சேரும். தமிழ்ப் பகுதிக்குப் பதினொரு ஆண்டுகளாகப் புள்ளியக்காவே பொறுப்பாளர்.

“காலங்காத்தால, ஊரு பேரு தெரியாதவங்க சித்தப்பாவுக்கு என்ன ஆச்சுன்னு உனக்கு என்ன கவலை?” என்று கணவர் கேட்பார்.

கவலைப்பட வேண்டியதே சித்தப்பாவைப் பற்றித்தான். மென்பொருளை முதலில் எழுதியவர்களுடைய மொழியில் அப்பாவின் உடன்பிறந்தவர், அம்மாவின் உடன்பிறந்தவர், அத்தையின் கணவர் எல்லாருக்கும் ஒரே சொல். தமிழில் அப்படிச் சமாளிக்க முடியாது. அப்பாவின் சகோதரரைப் பெரியப்பா என்பதா, சித்தப்பா என்பதா என்று முடிவு செய்ய இருவரின் பிறந்த ஆண்டும் தெரிந்தாக வேண்டும். பழைய குடும்பங்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது. புள்ளியக்கா அதற்கு ஒரு விதி செய்தார்: ஆண்டு தெரியாவிட்டால் ‘தந்தையின் உடன்பிறந்தவர்’ என்று மட்டும் காட்ட வேண்டும். தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதக் கூடாது. அந்த விதியைக் காக்கத்தான் பதினொரு ஆண்டுக் காலைத் தேநீர் ஆறியது.

விதி சில நேரம் கடித்தது. ஓய்வுபெற்ற தொலைபேசி நிலைய ஊழியர் ஒருவர், எழுபதைக் கடந்தவர், ஆண்டுதோறும் தம் பிறந்தநாளில் எழுதுவார்: “நாங்கள் இரட்டையர். நான் பதினொரு நிமிடம் மூத்தவள். வாழ்நாள் முழுதும் என்னை அக்கா என்று கூப்பிட்டவளை உங்கள் மென்பொருள் ‘உடன்பிறந்தவர்’ என்கிறது. அவளைத் தங்கை என்று போட மாட்டீர்களா?” புள்ளியக்கா ஆண்டுதோறும் பதில் எழுதுவார்: “பிறந்த தேதி ஒன்றாக இருப்பதால், மூத்தவர் யார் என்பதை மென்பொருளால் அறிய இயலவில்லை. பெரிதும் வருந்துகிறோம்.” ஒன்பது ஆண்டுகள், ஒன்பது கடிதங்கள், ஒன்பது வருத்தங்கள். எதிலும் ஓர் ஒற்றுப்பிழை இல்லை.

அவர் இதற்கு முன்பும் இரண்டு முறை விலகியிருக்கிறார். முதல் முறை பத்தொன்பது நாள். புதிதாகப் பொறுப்பேற்றவர், மரியாதையாக இருக்கட்டும் என்று, ஆண்டு தெரியாத எல்லாரையும் பெரியப்பா ஆக்கிவிட்டார். மூன்று வயதில் இறந்துபோன குழந்தையொன்று, பேரன் பேத்தி எடுத்தவர்களுக்கெல்லாம் பெரியப்பாவாகி நின்றது. இரண்டாம் முறை மூன்றே நாள். யாரோ ‘அண்ணி’யை ‘அன்னி’ ஆக்கிவிட்டார்கள். “சும்மா எட்டிப் பாக்கத்தான் வந்தேன்” என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. விலகிய இரண்டு முறையும், ஒப்புதல் தருவோர் பட்டியலில் தம் பெயரை அழிக்காமல் விட்டிருந்தார். பழைய வீட்டின் மாற்றுச் சாவியைக் கைப்பையில் வைத்துக்கொள்வதுபோல.

மூன்றாம் முறைக்குக் காரணம் ஒரு வரி. இரண்டு தன்னார்வலர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது, தவறிப்போய் எல்லாரும் இருக்கும் குழுவில் விழுந்துவிட்டது. பாட்டியின் தங்கைக்கு ஒரு சொல் விடுபட்டிருக்கிறது, அனுப்பலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். மற்றவர் எழுதியிருந்தார்: “விடு. புள்ளியக்கா திருப்பி அனுப்பிடுவாங்க.”

அந்த வரியில் பிழை ஏதும் இல்லை என்பதைத்தான் அவர் முதலில் கவனித்தார். அதன் பிறகுதான் அது நெஞ்சில் இறங்கியது. அன்று காலை அவர் புள்ளிகளை எண்ணவில்லை, ஆட்களை எண்ணினார். தொடங்கிய ஆண்டில் முப்பத்தொரு பேர். இப்போது நான்கு பேர். கடைசியாக ஒரு புதியவர் திருத்தம் அனுப்பி எட்டு மாதம் ஆகியிருந்தது. அவர் விட்டிருந்த ஒற்று ஒன்றே ஒன்று. திருப்பி அனுப்பப்பட்டிருந்தது. அவர் மறுபடி வரவில்லை.

“நான் விலகப் போறேன்” என்றார் கணவரிடம்.

“எத்தனை நாளைக்கு?”

அவர் சிரிக்கவில்லை. கணவர் துணி மடிப்பதை நிறுத்திவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தார். “அவ்வளவு நல்லா பாத்துக்கிட்டியேம்மா” என்றார்.

“வீடு சுத்தமாத்தான் இருக்கு. யாரும் செருப்பக் கழட்டிட்டு உள்ள வர மாட்டேங்குறாங்க.”

மீதமிருந்த நால்வரில் ஒருவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். நாற்பது வயது, மூன்று பெண்களின் தகப்பன். பொறுப்பை ஏற்க முடியுமா என்று கேட்க அவரைக் காணொளியில் அழைத்தார். அவர் பயிற்சிக் காரில் அடுத்த ஆளுக்காகக் காத்திருந்தார்.

“எடுத்துக்குறேன்க்கா. ஆனா ஒரு நிபந்தனை. பட்டியல்ல இருந்து உங்க பேரையும் எடுத்துடணும்.”

“பேரு அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டுமே. உங்களுக்கு என்ன இடைஞ்சல்?”

அவர் கேமராவைத் தம் காலடிக்குத் திருப்பினார். “இதப் பாருங்க. எங்க வண்டியில ரெண்டு பிரேக். ஒண்ணு ஓட்டுறவங்களுக்கு, ஒண்ணு எனக்கு. என் காலு இதுல இருக்கிற வரைக்கும் அவங்க ஓட்டுறது ஓட்டுறதே இல்லக்கா. நான் ஓட்டுறேன், அவங்க ஸ்டீரிங்கப் பிடிச்சுட்டு வர்றாங்க.”

“அப்போ எப்பதான் ஓட்டுவாங்க?”

“நான் இறங்கினப்புறம்.”

“இடிச்சுட்டாங்கன்னா?”

“இடிப்பாங்க. நீங்க இடிக்கலையா? முதல் வருஷம் கொழுந்தனாருக்கு ‘ள’ போட்டு வெச்சிருந்தீங்களே!”

“அது கை தவறினது. ஒரே ஒரு நாள்தான் இருந்துச்சு.”

“ரெண்டு வருஷம் இருந்துச்சுக்கா. சொன்னதே நான்தான்.”

பயிற்சியாளரின் குரல் தணிந்தது. “கோவிச்சுக்காதீங்க. இந்தத் தடவையும் நீங்க திரும்பி வந்தா, நான் கிளம்பிடுவேன். எனக்கப்புறம் இத எடுத்துக்க யாரும் இல்ல, உங்களுக்கே தெரியும். பேரை எடுத்துட்டு, எல்லாரையும் மாதிரி நீங்களும் திருத்தம் அனுப்புங்க. நான் திருப்பி அனுப்புறேன்.” சொல்லிவிட்டு அவரே பெரிதாகச் சிரித்தார்.

மாத இறுதி வெள்ளிக்கிழமைக்குள் பெயரை எடுத்துவிடுவதாகப் புள்ளியக்கா ஒப்புக்கொண்டார். அதற்கு முன்பாக, புதியவருக்கென்று வழிகாட்டிக் குறிப்பு ஒன்று எழுதினார். செய்யக் கூடாதவை மட்டும் நாற்பத்தாறு பக்கம். “செய்யலாம்னு ஏதாச்சும் இருக்காக்கா?” என்று பதில் வந்தது. மூன்று விடிகாலைகள் உட்கார்ந்து அதைக் குறைத்தார். இருபது பக்கமாயிற்று, ஆறாயிற்று, கடைசியில் ஒரே வரி நின்றது. ‘தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதாதீர்கள்.’ அதை அனுப்பிவிட்டு, வாயில் ஒரு பல்லைக் கழற்றி வைத்தவரைப்போல் நாள் முழுதும் நாவால் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

பயிற்சியாளர் அந்த ஒரு வரியை எடுத்துக்கொண்டு முதலில் போன இடம் இரட்டையர். “தெரியலைன்னா அவங்ககிட்டயே கேட்டுட்டா போச்சு. நாம ஏன்க்கா மண்டைய உடைச்சுக்கணும்?” என்று எழுதினார். மென்பொருளை எழுதியவர்களிடம் நான்கு வரியில் ஓர் உதவி கேட்டார். பிறந்த தேதி ஒன்றாக இருந்தால், மூத்தவர் யார் என்று பயனரையே தேர்ந்தெடுக்கச் சொல்லும் சிறு கட்டம் ஒன்று ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தது. ஒன்பது ஆண்டுகளாக வருந்திக் கடிதம் எழுதிய புள்ளியக்காவுக்குக் கேள்வி கேட்கலாம் என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை வேலைக்கூடத்திலிருந்து வந்தவர் கை கழுவாமல் நேரே மேசைக்குப் போனார். தொலைபேசி நிலைய ஊழியரின் கடிதம் காத்திருந்தது. பிறந்தநாளுக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. “என் தங்கை தங்கையாகிவிட்டாள். அச்செடுத்துக் காட்டினேன். ‘இதுக்கா ஒம்பது வருஷம்?’ என்று கேட்டாள்.”

அதை இரண்டு முறை படித்தார். பிறகு அந்தப் புதிய கட்டத்தைத் திறந்தார். பென்சில் இல்லாமலே கண் நின்றது.

‘இரட்டையரில் முதலில் பிறந்தவரை தேர்ந்தெடுக்கவும்.’

ரைக்கும் தேவுக்கும் நடுவே ‘த்’ இல்லை.

அவர் பெயர் இன்னும் பட்டியலில் இருந்தது. இரண்டு விசை, ஓர் ஒப்புதல், முடிந்துவிடும். சுட்டியை அந்த இடைவெளியில் கொண்டுபோய் நிறுத்தினார். அது துடித்துக்கொண்டிருந்தது. அங்கே யார் எதைத் திருத்தினாலும் திருத்தியவர் பெயரோடு பதிவாகும். பயிற்சியாளரின் முதல் வேலைக்குக் கீழே, அவர் பெயருக்கு அடுத்து, புள்ளியக்காவின் பெயர் நிற்கும்.

“கை கழுவலையா?” என்றார் கணவர், கதவருகிலிருந்து.

“இதோ.”

சுட்டியை அங்கிருந்து எடுத்தார். பட்டியலைத் திறந்து தம் பெயரைத் தேர்ந்தெடுத்தார். திரை கேட்டது: ‘உறுதியாக விலக விரும்புகிறீர்களா? பிறகு இதைத் தாங்களே மாற்ற இயலாது.’ பதினொரு ஆண்டுகளுக்கு முன் அவரே மொழிபெயர்த்த வாக்கியம். ஒற்றெல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தார். இருந்தது. ‘ஆம்’ என்பதை அழுத்தினார். பட்டியல் ஒரு வரி சுருங்கி மேலேறியது.

பிறகு, இரட்டையர் கட்டத்துக்குத் திரும்பி வந்தார். நாக்கு ‘ச்சு’ என்றது. ஆட்காட்டி விரலை நீட்டி, விடுபட்ட ‘த்’தின் தலை இருந்திருக்க வேண்டிய இடத்தில், கண்ணாடித் திரையின் மேல் மெல்ல ஒருமுறை ஒற்றி எடுத்தார். பிளாஸ்டர் தூளில் வெள்ளையாக ஒரு புள்ளி விழுந்தது. கணவர் நீட்டிய ஈரத்துணியை வாங்கிக் கையை மட்டும் துடைத்துக்கொண்டு, திரையைத் துடைக்காமலே மூடினார்.